வெள்ளிக்கிழமை இரண்டு மணி எரிமலை

2006ஆம் ஆண்டு பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். வெப்பம் இருபத்து நான்கு டிகிரி, இது மகனுடைய கார் காட்டிய கணக்கு. வானத்தில் மூன்று மேகங்கள், மூன்றும் சின்னவை. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து எதிரே இருந்த மலையை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. மற்றதை மறந்தாலும் இந்தக் காற்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி எதையும் நம்பாதவன் நான். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவன். சுடுகாடு மட்டும் பதினேழு அளந்திருக்கிறேன், அதில் நான்கை இருட்டிய பிறகு. ஒருவரும் எழுந்து வந்து அளவு தப்பு என்று சொன்னதில்லை. அப்படியானால் அப்பாவுக்கு ஏன் வருடா வருடம் திதி கொடுக்கிறாய் என்று கேட்பீர்கள், என் மகனும் கேட்கிறான். நம்பிக்கை ஒன்றுமில்லை, வரிசை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். அப்பா இறந்து அப்போது இருபத்திரண்டு வருடம். இருபத்தொரு திதி குறையில்லாமல் முடித்தவன் இருபத்திரண்டாவதில் கோட்டை விட்டால் முந்தைய இருபத்தொன்றுக்கும் அர்த்தமில்லாமல் போகும் என்பது என் கருத்து.

அந்த வருடம் திதி வந்தபோது நானும் என் மனைவி தனமும் ஷார்ஜாவில் இருந்தோம். மகன் செந்திலுக்கு அங்கே முவைலாவில் ஐந்தாவது மாடியில் வீடு. மருமகள் கவிதா, ஒரே பேத்தி நிலா. விசிட் விசாவில் போயிருந்தோம். போன நாலாம் நாள் தனம் சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டாள். கூரையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது, அது அலறத் தொடங்கிவிட்டது. அது அலறினால் கட்டடமே அலறுமாம். பதினொரு மாடி ஜனமும் படிக்கட்டில் இறங்கிக் கீழே நின்றது, தனம் கையில் சாம்பிராணிக் கரண்டியோடு. அன்றிலிருந்து அந்த வீட்டில் கற்பூரம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. வாட்ச்மேன் எழுதி வாங்கிக்கொண்டு போனான்.

ஆகவே திதியன்று விடியற்காலை தனம் ஏழு வகை சமைத்து இலையில் படைத்தபோது புகை என்று ஒன்றும் இல்லை. அப்பா சுருட்டுக்காரர். திண்டுக்கல்காரருக்கு அது ஆச்சரியமில்லை. படையல் இலை ஓரத்தில் ஒரு சுருட்டைப் பற்ற வைத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரிலிருந்து ஒன்றைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பற்ற வைக்காமலே இலை ஓரத்தில் வைத்தோம்.

"பத்த வைக்காத சுருட்டை மாமா தொடவே மாட்டாரே" என்றாள் தனம்.

"தொட்டா அலாரம் அடிக்கும். பேசாம இரு" என்றேன்.

அடுத்து காக்கை. திதி நாளில் காக்கை சாப்பிடாமல் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பால்கனியில் சோறு வைத்து ஒரு மணி நேரம் நின்றேன். புறாதான் இரண்டு வந்தது. "புறா ஓகேவா மாமா?" என்றாள் கவிதா. கேட்டதில் தப்பில்லை, அவள் பிறந்து வளர்ந்ததே அபுதாபி.

இதற்கிடையில் செந்தில் அன்றைக்கு வெளியே சாப்பிட டேபிள் புக் செய்து வைத்திருந்தான். நிலாவுக்கு அந்த வாரம்தான் ஆறு வயது முடிந்திருந்தது. ஃபுஜைரா போகிற மலைப் பாதையில் ஒரு ரெஸ்டாரண்ட், எரிமலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டான்.

"இந்த நாட்டுல எரிமலையே கிடையாதுடா" என்றேன்.

"தெரியும்ப்பா. புகை வரும், பிள்ளைங்க கை தட்டும், அவ்வளவுதான். சாப்பாட்டைக் கேரியர்ல எடுத்துக்கங்க. மலையில ஒரு காக்கா இல்லாமலா போயிடும்?"

போகிற வழியெல்லாம் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு எண்ணினேன். ஆடு நாற்பத்தொன்று, ஒட்டகம் ஆறு, பருந்து மூன்று. காக்கை பூஜ்யம்.

ரெஸ்டாரண்ட் மலைச் சரிவில் பால்கனி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கீழே காய்ந்த ஓடை, அதற்கு அந்தப் பக்கம் கறுப்பாக, கூம்பாக ஒரு குன்று. கண்ணளவில் அடிவாரத்திலிருந்து நூற்றிருபது அடி உயரம். மேலே ஏற ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை, முழுப் பாதையும் இங்கிருந்தே தெரியும். எரிமலையாம். ஜும்மா தொழுகை முடிந்து அரபுக் குடும்பங்கள் வந்து நிரம்பிவிட்டன. நான் கேரியரைத் திறந்ததும் மேனேஜர் ஓடி வந்தார். மலையாளி, நல்ல மனுஷன்தான்.

"வெளிச் சாப்பாடு இங்க பாடில்ல சாரே."

நான் காரணத்தைச் சொன்னேன். சர்க்கரைக்காரன், காலையிலிருந்து வெறும் வயிறு என்பதையும் சொன்னேன். காக்கை இல்லாவிட்டால் பசித்த மனிதன் ஒருவன் சாப்பிட்டாலும் போதும் என்றேன். அது எங்கள் ஊர் சாஸ்திரிகளே ஒப்புக்கொண்டது. மேனேஜர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"கிச்சனுக்குப் பின்னால போங்க. அங்க ஒரு தமிழன் உண்டு. பேரு முனியசாமி. ஆனா வேகம் கொடுக்கணும், அவனுக்கு வேலை உண்டு."

பின்பக்கப் படிக்கட்டிலிருந்தும் குன்று தெரிந்தது. அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், பக்கத்தில் இரண்டு ஈரச் சாக்கு, ஒரு டீசல் கேன் சகிதம் புறப்படத் தயாராக இருந்தார். மணி ஒன்று இருபத்தைந்து. நான் விஷயத்தைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"பெறகு வாரேன்யா. இப்ப எனக்கு எரிமலை டூட்டி."

"என்ன டூட்டி?"

"எரிமலைய்யா. வெள்ளிக்கெழமைன்னா ரெண்டு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. மேல ஒரு டிரம்மு கெடக்கு. சாக்கைப் போட்டு, டீசலை ஊத்திப் பத்த வச்சிட்டுப் பாறைக்குப் பின்னாடி குத்த வச்சிருவேன். மத்த நாள்ல பாத்திரம் கழுவுறது."

முனியசாமிக்குக் கமுதிப் பக்கம் ஊர். அவர் ஊர் முகம் பார்த்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது. முந்தின மாதம் மழையில் ஒரு தடவையும் தீப்பெட்டி நமத்துப்போய் ஒரு தடவையும் எரிமலை தவறிவிட்டதாம். மூன்றாவது தடவை தவறினால் விசா கேன்சல், கலாஸ், கதை முடிந்தது, ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். விசாவுக்கு வாங்கின கடன் இன்னும் பாதி நிற்கிறது. ஏற எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பதினோரு நிமிடம். அப்படியானால் ஒன்று நாற்பத்தைந்துக்குக் கிளம்பினால் போதும், இருபது நிமிடம் தாராளமாக இருக்கிறது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இந்த வாக்கை நான்தான் கொடுத்தேன். அதற்குள் கேரியரோடு கூட வந்த தனம் சாம்பார் அடுக்கைத் திறந்துவிட்டாள். முனியசாமி வாசனை பிடித்தபடி சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முருங்கக்கா போட்டிருக்கீகளாத்தா?"

"போட்டிருக்கேன்ப்பா. நிதானமாச் சாப்பிடு" என்றாள் தனம். அந்த நிதானமா என்ற சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் சாப்பிட்டதை எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. சாம்பார்ச் சோறு பதினான்கு கவளம், ரசம் ஒன்பது, மோர் பதினொன்று, வடை நான்கு. சாப்பிடச் சாப்பிட அந்த ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொன்னார், மிளகாய் அவ்வளவு இல்லை. இப்படி எண்ணிக்கொண்டிருந்ததில் கடிகாரம் பார்க்க மறந்தேன். வாழ்நாளில் நான் கடிகாரம் பார்க்க மறந்தது அந்த ஒரு முறைதான். பாயசத்தை ஊற்றும்போது பார்த்தால் ஒன்று ஐம்பத்தேழு.

"தம்பி, மணியாச்சு."

முனியசாமி டம்ளரோடு எழுந்தார். பதினோரு நிமிட ஏற்றம், மூன்று நிமிடம் பாக்கி. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குன்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், "போச்சுய்யா" என்று மட்டும் சொன்னார். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ கையில் இருந்த பாயசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்து ஓர் ஏப்பமும் விட்டார். திதிச் சோறு முடிந்தது, மனிதன் வயிறு நிறைந்தது. அந்த மனிதனின் பிழைப்பை நான் கெடுத்துவிட்டேன். அந்த நொடி எனக்கு மயக்கம் வந்தது சர்க்கரையினால் இல்லை.

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

குன்றின் உச்சியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஒன்று ஐம்பத்தெட்டு.

நம்பினால் நம்புங்கள். முனியசாமி என் பக்கத்தில் நிற்கிறார், டீசல் கேன் அவர் காலடியில் இருக்கிறது, இரண்டு சாக்கும் அங்கேயே கிடக்கின்றன, ஒன்றில் அவர் உட்கார்ந்த பள்ளம்கூட இருக்கிறது. பாதையில் முழு நீளத்துக்கும் ஓர் ஆள் இல்லை. அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"ஐயா, நான் இங்கதான இருக்கேன்?"

"இங்கதான் இருக்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா."

புகை சாதாரணமாக வரவில்லை. குப், குப், குப் என்று மூன்று சின்ன உருண்டை. கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒரு நீளமான இழை, மெதுவாக, திருப்தியாக. மறுபடி மூன்று சின்னது, ஒரு நீளம். நான் உருண்டைகளை எண்ணத் தொடங்கினேன். எனக்கு அது வெறும் எண்ணிக்கைதான், சத்தியமாக. தனத்தைத் திரும்பிப் பார்த்தேன். அறுபத்து நாலு வயதுக்காரி, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவசரமாக எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கிச்சன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். அவள் அப்படி நின்று இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

"என்னடி இது?"

"ஏங்க, சத்தம் போடாதீங்க. மாமா சாப்பிட்டு முடிச்சிட்டாரு."

வாசனை பிறகுதான் வந்தது. காற்று எங்களிடமிருந்து குன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னேன் அல்லவா, கொடியில் காயப்போட்ட சமையல்காரர்களின் உடுப்பெல்லாம் குன்றைப் பார்த்துத்தான் பறந்தது. புகை மட்டும் அந்தக் காற்றுக்கு எதிராக, ஓடையைத் தாண்டி, நேராகப் பின்பக்கப் படிக்கட்டுக்கு வந்தது. டீசல் வாசனை இல்லை, சாக்கு வாசனை இல்லை. முனியசாமி மூக்கைச் சுருக்கி, "இது சுருட்டு வாசனைய்யா" என்றார். சுருட்டைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

முன்பக்கம் ஒரே குதூகலம். செந்தில் அங்கிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, செட்டப் சூப்பராப் பண்றாங்கப்பா" என்று கத்தினான். அவன் தாத்தா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது, வாசனை மறந்திருக்கும். மூன்று சின்னது ஒரு நீளம் என்பதை ஒரு சுற்றாக வைத்துக்கொண்டால் மொத்தம் ஒன்பது சுற்று. இரண்டு ஒன்பதுக்கு நின்றது. நின்றதும் குன்றுப் பக்கம் ஒரு தொண்டைச் செருமல் கேட்டதாகத் தனம் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்டதை மட்டுமே நான் எழுதுவேன்.

மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். முனியசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடிபொளி. முதலாளி டேபிள்ல இருந்து எழுந்து நின்னு பாத்தாரு. அது சரி, நீ எப்பிடி இத்தற வேகம் எறங்கி வந்தே?"

முனியசாமி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஓடி வந்தாப்ல. பசி."

அறுபது வயதுக்கு மேல் நான் சொன்ன முதல் பொய் அது.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன், பன்னிரண்டு நிமிடத்தில். வயிறு நிரம்பியதும் புத்தி திரும்பியது. ஏதோ பழைய நெருப்பு கனன்றுகொண்டு இருந்திருக்க வேண்டும், போன வெள்ளிக்கிழமைச் சாக்கின் மிச்சம், காற்று பட்டுப் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதைக் கண்ணால் பார்க்காமல் விடுகிற ஆள் நான் இல்லை. நாலு மணி டூட்டிக்கு முனியசாமி கிளம்பும்போது நானும் கூட ஏறினேன். செந்தில் வேண்டாம் என்றான், கவிதா வேண்டாம் என்றாள். அறுநூற்று முப்பத்தெட்டு தப்படி, ஏழு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். முனியசாமி எனக்கு முன்னால் போகவில்லை, பின்னாலேயே ஒட்டி வந்தார். என்மேல் உள்ள மரியாதையால் என்று அப்போது நினைத்தேன்.

உச்சியில் துருப்பிடித்த டிரம் ஒன்று இருந்தது. கையை வைத்தேன். வெயில் சூடுதான், வேறு சூடு இல்லை. உள்ளே சாம்பல் கட்டி தட்டிப்போய், நடுவில் பனி ஈரம் இன்னும் காயாமல் கிடந்தது. டிரம்மின் வாயில் ஒரு சிலந்தி இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை வலை கட்டியிருந்தது. ஓர் இழை அறுந்திருக்கவில்லை. சிலந்தி நடுவில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மணிக்கு அந்த வழியாகப் பதினொரு நிமிடம் புகை வந்தது என்றால் அந்தச் சிலந்தியைத்தான் கேட்க வேண்டும்.

"கலைச்சிரவாய்யா?" என்றார் முனியசாமி.

"நாலு மணிக்கு டூட்டி இருக்கே. கலைக்காம என்ன பண்ணுவ?"

அவர் டிரம்மைக் கும்பிட்டுவிட்டுத்தான் வலையை எடுத்தார். நாலு மணிப் புகை வந்தது, ஒல்லியாக, கறுப்பாக, காற்று போன பக்கமே போனது. கீழே ஒரு குழந்தைகூடக் கை தட்டவில்லை.

இனி நான் சொல்லப்போவதைத் தனத்திடம்கூடச் சொன்னதில்லை. இதை எழுதுகிற இன்றுவரை ராத்திரியில் விழிப்பு வந்தால் இதைத்தான் நினைப்பேன். அப்பாவுக்குக் கடைசி ஆறு மாதம் நெஞ்சில் சளி. டாக்டர் சுருட்டை நிறுத்தச் சொன்னார். பெட்டியை நான்தான் எடுத்து ஒளித்தேன், சர்வே சங்கிலி வைக்கிற பைக்குள். இறப்பதற்கு முந்தின நாள் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணே ஒண்ணுடா" என்றார். தீர்ந்துபோச்சுப்பா என்றேன். காரியம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்து எண்ணினேன். அதை வாய்க்காலில் போட்டுவிட்டேன், யாரும் பார்க்கவில்லை. உள்ளே ஒன்பது இருந்தது.

குன்றிலிருந்து இறங்கி வந்தபோது செந்தில் பில்லுக்குப் பணம் எடுத்துக்கொண்டிருந்தான். எந்தப் பில்லையும் நான் ஒரு முறை சரிபார்ப்பேன் என்பது அவனுக்குத் தெரியும், தானே நீட்டினான். சாப்பாடு சரி, ஜூஸ் சரி. கடைசி வரியில் வால்கேனோ ஷோ, தலைக்குப் பத்து திர்ஹாம், ஐந்து பேர்.

"இது என்ன?"

"ரெண்டு மணி ஷோ, சாரே. எல்லா டேபிளுக்கும் உண்டு."

"அந்த ஷோவை நீங்க நடத்தல" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

மேனேஜர் சிரித்தார். "பின்ன ஆரு நடத்தியது? டேய் முனியசாமி, இங்க வா. ரெண்டு மணிக்கு நீ தானே ஏறினது? சாரிடம் பற."

முனியசாமி கை துடைத்துக்கொண்டே வந்து நின்றார். என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் முதலாளி, வெள்ளை உடுப்பில், பல் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள்தான் ஏறினாப்ல" என்றேன். "நான் பார்த்தேன்."

அறுபதுக்கு மேல் இரண்டாவது பொய். செந்தில் பணத்தை நீட்டினான். சாப்பாட்டுக்கு நீ கொடு, கடைசி வரிக்கு நான்தான் கொடுப்பேன் என்று தடுத்துவிட்டேன். "ஏம்ப்பா, அம்பது திர்ஹாமுக்கா?" என்று கேட்டான். சட்டைப் பையிலிருந்து பத்துப் பத்தாக ஐந்து நோட்டை எடுத்து, இரண்டு முறை எண்ணி மேசையில் வைத்தேன். ஐம்பது திர்ஹாம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய அறுநூறு ரூபாய்.